சேலத்துப் பெண்ணும் கிணற்று மாப்பிள்ளையும்

கோணங்குடியில் மூளையைத் தவிர மற்றதெல்லாம் விளையும். போன வருஷம் பூமிக்கடியில் எண்ணெயும் இருப்பதாகத் தெரிந்து, சர்க்கார் அங்கே ஒரு கிணறு தோண்டியது.

எண்ணெய்க் கம்பெனி அதிகாரி வந்து கண்டிப்பாகச் சொன்னார்: “இனிமே வெளிநாட்டுக்காரனைக் கெஞ்சப் போறதில்லை. குழாய், வால்வு, வாஷர் எல்லாம் உள்ளூரா இருக்கணும். ஆடி முதல் தேதி வருவேன். ஒரே ஒரு வெளியூர்ச் சாமான் கண்ணில் பட்டாலும் ஆர்டர் பக்கத்து ஊருக்கு!”

ரப்பர் வாஷர் வெட்டும் பட்டறை செண்பகவல்லியுடையது. இந்த ஆர்டர் போனால் பட்டறைக்குப் பூட்டுதான். அவள் வாஷர் தயார். ஆனால் குழாய்களும் வால்வுகளும் சேலத்திலிருந்து லாரியில் வந்து நிற்கின்றனவே!

ஊர் கூடியது.

“சேலத்துக் குழாய் எப்படிய்யா உள்ளூராகும்?” என்றார் தலைவர் கலியபெருமாள்.

வைத்தி எழுந்தான். “ஏன் ஆகாது? என் பெண்டாட்டி திருச்சிக்காரி. தாலி கட்டினதும் இந்த ஊர்க்காரி ஆகலையா? ரேஷன் கார்டுகூட மாறிடுச்சே!”

சபை அசந்துபோயிற்று.

“மாப்பிள்ளை யாரு?”

“கிணறுதான். உள்ளூர்ப் பையன், சொந்த நிலம், ஆழமான குணம்.”

“குழாய் நாற்பது இருக்கே! ஒருத்தனுக்கு நாற்பது பொண்ணு கட்டினா போலீஸ் வராதா?”

“அட மண்டூகமே, திருகி மாட்டினா ஒண்ணுதானே!” என்று எரிந்து விழுந்தாள் செண்பகவல்லி. சொன்ன பிறகுதான், தானும் இந்தக் கூத்தில் சேர்ந்துவிட்டோமே என்று உறைத்தது. பட்டறையை நினைத்தாள், முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கச் சொன்னாள்.

ஆனியிலேயே முகூர்த்தம். கிணற்றுக்குக் கை இல்லாததால், மூன்று முடிச்சையும் நாத்தனார் முறையில் செண்பகவல்லியே போட்டாள். வெளியூர் வால்வுகளைச் சீர்வரிசையில் சேர்த்தார்கள். பெண் வீட்டார் சார்பில் லாரி டிரைவர் அழுதார். சரக்கை இறக்கவிடாமல் அவரை அத்தனை நாள் நிறுத்தி வைத்திருந்தார்கள். அன்றே மணமகள் கிணற்றுக்குள் இறங்கினாள்.

ஆடி முதல் தேதி அதிகாரி வந்தார். குழாயைக் காணோம், வால்வைக் காணோம்.

“குழாய் எங்கேம்மா?”

“ஆடி பிறந்தாச்சே சார்,” என்றாள் செண்பகவல்லி. “புதுப் பொண்ணை இங்கே வச்சுக்கலாமா? சீரோட தாய் வீட்டுக்கு அனுப்பியாச்சு. இப்போ என் வாஷரைத் தவிர இங்கே எதுவும் இல்லை. வெளியூர்ச் சாமான் ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்!”

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். “எண்ணெய் எப்படிம்மா வரும்?”

“ஆவணியில் பொண்ணு வந்தா தானா வருது!”

பின்னால் ‘ஏலேலோ’ என்று சத்தம். கிணற்றைச் சுற்றி வடம் கட்டி ஊரே இழுத்துக்கொண்டிருந்தது.

“அங்கே என்ன?”

“மாப்பிள்ளையை ஆடி விருந்துக்கு அழைச்சிருக்காங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ளே சேலம் போகணும். ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுட்டு நீங்களும் ஒரு கை பிடிங்க சார். காலையிலேருந்து கெஞ்சறோம், லாரியில ஏற மாட்டேங்கிறார்!”