நரி மாமாவின் இலவச ஆலோசனை

ஒரு காட்டில் நான்கு மருத்துவக் கல்லூரிகள் இருந்தன. மலையுச்சியில் ஒன்று, ஆற்றங்கரையில் ஒன்று, மூங்கில் தோப்பில் ஒன்று, சதுப்பு நிலத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஐந்து இடங்கள். ஆக மொத்தம் இருபது.

மலையுச்சிக் கல்லூரிக்குத்தான் பெயர் பெரிது. சதுப்புக் கல்லூரியில் கொசு அதிகம். அதனால் நோயாளிகளும் அதிகம். ஆனால் குழந்தைகளே, எதில் படித்தாலும் பெயருக்கு முன்னால் போடும் ‘டாக்டர்’ ஒன்றேதான்.

அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை அறுபத்தொரு விலங்குகள் எழுதின. தரவரிசைப் பட்டியலை ஆலமரத்தில் ஒட்டினார்கள். ஒவ்வொரு விலங்கும் ஓடி வந்து, தன் பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஓடிப் போயிற்று. முழுப் பட்டியலையும் படித்தது நரி ஒன்றுதான்.

நரிக்கு இருபத்தொன்பதாவது இடம். கல்லூரிகளில் இருப்பதோ இருபது இடம். முன்னால் நிற்பவர்களில் ஒன்பது பேர் கழன்றுகொண்டால் கடைசி இடம் நரிக்கு. அதற்காக யாரையும் கடிக்க வேண்டியதில்லை. ஆலோசனை சொன்னாலே போதும்.

அன்று மாலையே புளிய மரத்தில் ஒரு பலகை தொங்கியது: ‘கலந்தாய்வுக்கு இலவச ஆலோசனை.’

முதலில் வந்தது கீரி. அதற்கு ஏழாவது இடம். ஆனால் அது தேர்வு எழுதுவது இது மூன்றாவது முறை. மூன்று முறைக்கு மேல் எழுத அந்தக் காட்டில் அனுமதி இல்லை. இந்த ஆண்டு விட்டுப் போனால் கீரி டாக்டராகவே முடியாது.

“மாமா, விருப்பப் பட்டியலில் நான்கு கட்டம் இருக்கிறது. எதை எங்கே எழுதுவது?” என்று கீரி கேட்டது.

“சொந்தக்காரர்களிடம் எந்தக் கல்லூரி என்று சொல்லியிருக்கிறாய், மாப்பிள்ளை?”

“மலையுச்சி என்று அம்மா காடு முழுக்கச் சொல்லிவிட்டாள்.”

“அப்படியானால் அதை மட்டும் எழுது.”

“மற்ற மூன்று கட்டம்?”

“காலியாக விடு. நான்கையும் எழுதினால், ‘இது எதைக் கொடுத்தாலும் தின்னும்’ என்று கலந்தாய்வு நடத்தும் யானை உன்னைச் சதுப்பில் தள்ளிவிடும். ஒன்றை மட்டும் எழுதினால், ‘ஆகா, இதற்கு லட்சியம் இருக்கிறது’ என்று எழுந்து நிற்கும்.”

“யானை எப்போதும் நின்றுகொண்டுதானே இருக்கிறது?”

“இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும்.”

கீரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பியது. வழியில் அதன் நண்பன் முள்ளம்பன்றி உட்கார்ந்து விருப்பப் பட்டியலை நிரப்பிக்கொண்டிருந்தது. அதற்குப் பத்தொன்பதாவது இடம். நான்கு கட்டமும் எழுதியாயிற்று.

“என்னடா இது? பத்தொன்பதாம் நம்பருக்கு முதல் வரியில் மலையுச்சியா?”

“ஆசைப்படுவதற்கு யாரும் மதிப்பெண் கேட்கவில்லையே.”

“கடைசி வரியில் சதுப்பு வேறு. வெட்கமாக இல்லை?”

“எனக்கு டாக்டராக வேண்டும். கொசு என் முள்ளைத் தாண்டி வந்து கடிக்குமானால் கடித்துவிட்டுப் போகட்டும்.”

“யானை உன்னைப் பற்றி என்ன நினைக்கும்?”

“அறுபத்தொரு பேரைப் பற்றி நினைக்க யானைக்கு ஏது நேரம்? நம்பரைக் கூப்பிடும். எழுதியதை வரிசையாகப் படிக்கும். எங்கே காலியோ அங்கே அனுப்பும்.”

“உனக்குப் புரியாது. நரி மாமா அனுபவசாலி.”

“எந்தக் கல்லூரியில் படித்தாராம்?”

கீரிக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கவும் தோன்றவில்லை.

மூன்று நாளில், ஆறாம் இடத்திலிருந்து பதினான்காம் இடம் வரை ஒன்பது பேரும் புளிய மரத்தடிக்கு வந்து போனார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே ஆலோசனை. பத்தாவதாக வந்த மயிலிடம், “தொண்டை கட்டிவிட்டது, தாயே” என்று சொல்லிவிட்டு நரி பலகையைக் கழற்றியது.

கலந்தாய்வு நாள் வந்தது. யானை நம்பர்களைக் கூப்பிட்டது. முதல் ஐந்து பேரும் மலையுச்சியை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆறாவதாக வந்த மான் ஒன்றும் கிடைக்காமல் வெளியே போயிற்று.

“ஏழு.”

கீரி முன்னால் வந்தது.

“மலையுச்சி நிரம்பிவிட்டது. அடுத்த விருப்பம்?” என்றது யானை.

கீரி தன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தது. பின்பக்கமும் காலி.

“ஆற்றங்கரையில் ஐந்து இடமும் அப்படியே இருக்கிறதே, ஐயா.”

“இருக்கிறது. நீ கேட்கவில்லையே.”

“இப்போது கேட்கிறேன்.”

“பட்டியலை மாற்றுவதற்கு நேற்றோடு நாள் முடிந்தது, தம்பி. எழுதியதைத்தான் நான் படிக்க முடியும். அடுத்தது, எட்டு.”

பதினான்கு வரை இதே கதைதான். ஒன்பது பேர் வெறுங்கையோடு வெளியே போனார்கள். பதினைந்து முதல் பத்தொன்பது வரை ஆற்றங்கரை கிடைத்தது. சதுப்புக்கென்று மூட்டை கட்டி வந்திருந்த முள்ளம்பன்றி, யானையிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டது. அடுத்த ஐந்து பேருக்கு மூங்கில் தோப்பு. அதற்கடுத்த நால்வருக்குச் சதுப்பு.

“இருபத்தொன்பது.”

நரி பணிவாக வந்து நின்றது.

“நான்கும் எழுதியிருக்கிறாய். மூன்று நிரம்பிவிட்டன. சதுப்பில் ஒரே ஓர் இடம் இருக்கிறது” என்றது யானை.

“அதுவே போதும், ஐயா. எனக்குக் கொசு என்றால் உயிர்.”

வாசலில் கீரி வழி மறித்தது.

“என்னை ஒன்று மட்டும் எழுதச் சொன்னீர்கள். நீங்கள் நான்கும் எழுதியிருக்கிறீர்கள்.”

“உனக்கு லட்சியம் வேண்டியிருந்தது, மாப்பிள்ளை. எனக்கு இடம் வேண்டியிருந்தது.”

“நீங்களும் தேர்வு எழுதியதை ஏன் மாமா சொல்லவில்லை?”

“ஒன்பது பேரில் ஒருவராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கொஞ்சம் தள்ளி நில். விடுதியில் கொசுவலை தீர்ந்துவிடப் போகிறது.”

நீதி: விருப்பப் பட்டியலில் கட்டம் உள்ளவரை எழுது; ‘எழுதாதே’ என்று சொல்பவரிடம் முதலில் அவருடைய நம்பரைக் கேள்.