செவந்தியின் காளான் பாத்தி

மலையடிக் காட்டில் மழை விட்டதும் புண்நோய் பரவியது. சின்ன முள் குத்தினாலும் மூன்றாம் நாள் சீழ் பிடிக்கும். பத்து நாளுக்குள் உயிர் போய்விடும். இரண்டு முயல்களும் ஒரு கேளையாடும் அப்படித்தான் செத்தன. விலங்குகள் அடியெடுத்து வைக்கவே நடுங்கின.

அங்கே ஒரு குகையில் செவந்தி என்ற பெருச்சாளி மொட்டுக் காளான் வளர்த்துவந்தது. காய்ந்த புல்லையும் காட்டெருமைச் சாணத்தையும் கலந்து குவித்து, அடிக்கடி புரட்டிப் போடும். குவியல் உள்ளுக்குள் வெந்து ஆவி கிளம்பும். நாற்றம் போய் நன்றாக மட்கிய பிறகு காளான் வித்தைக் கலந்து, ஈரமண்ணால் மூடும். ஐந்தாறு வாரத்தில் வெள்ளை மொட்டுகள் எட்டிப்பார்க்கும்.

செவந்தியின் காலிலும் புண் வந்தது. காளானை மென்று அதன்மேல் அப்பியது. நாலே நாளில் சீழ் வற்றியது. அதைக் காடெல்லாம் சொல்லிப் பார்த்தது. பயத்தில் இருந்தவர்கள் காதில் அது ஏறவில்லை.

வீரணன் என்ற கடமான் ஒருநாள் ஆவி பறக்கும் குவியலைப் பார்த்து அரண்டுவிட்டது. இந்த அழுகலில் இருந்துதான் நோய் வருகிறது என்று எல்லோரிடமும் சொன்னது. மறுநாள் காலையில் பெருங்கூட்டம் குகைக்கு வந்தது. மூக்கன் என்ற முள்ளம்பன்றி மட்டும் சேரவில்லை.

செவந்தி வாசலை மறித்து நின்றது. "வீரணா, இதுதான் மருந்து. நாலு நாள் பொறுத்துப் பார்."

"நாலு நாளில் இன்னும் நாலு பேர் சாவோம். தள்ளு."

குளம்புகள் உள்ளே புகுந்தன. பாத்திகள் சேறாயின. பாறை இடுக்கில் ஒரு கைப்பிடிக் காளான்தான் தப்பியது.

நோய் நிற்கவில்லை. அடுத்த வாரம் வீரணனின் கன்று மூங்கில் குத்தித் தொடை வீங்கிக் கிடந்தது. வேறு வழி தெரியாமல் வீரணன் செவந்தியிடம் வந்து தலைகுனிந்து நின்றது. செவந்தி உடனே உள்ளே போனது. மிச்சமிருந்த காளான் முழுவதையும் அரைத்துப் போட்டது. கன்று பிழைத்தது.

அதற்கு மறுநாள் மூக்கன் நொண்டிக்கொண்டு வந்தது. பாதம் கறுத்திருந்தது. மருந்து தீர்ந்துவிட்டது என்று செவந்தி தயங்கித் தயங்கிச் சொன்னது.

"மறுபடி முளைக்க எத்தனை நாள் ஆகும், அக்கா?"

"குவியல் மட்கிய பிறகு ஐந்தாறு வாரம்."

மூக்கன் தன் பாதத்தைப் பார்த்தது. பிறகு, கன்றுக்குப் பக்கத்தில் நின்ற வீரணனைப் பார்த்தது. வீரணனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அன்று முதல் அது புல்லும் சாணமும் சுமந்தது. செவந்தி சொன்னபடி குவியலைப் புரட்டி, சேற்றில் தப்பிய வித்தைக் கலந்தது. அந்த ஆவியைக் கண்டு இப்போது அது பயப்படவில்லை. நாள் போவதைக் கண்டுதான் பயந்தது.

மொட்டுகள் முளைத்தபோது மூக்கன் உயிரோடு இல்லை.

பயத்தில் கண்ணை மூடிக்கொண்டு நாம் அழிப்பது, ஒரு தவறும் செய்யாதவனின் உயிராகவும் இருக்கலாம்.