இல்லாத ரோடுகள்

ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லும் ஜாவா புரோகிராம், அதை வாங்க வந்த ஆஸ்பத்திரி முதலாளி முன்னாலேயே மூச்சு முட்டி நின்றது. எழுதியவர் மேனேஜர் ஞானப்பிரகாசம். பழி விழுந்தது புதிதாகச் சேர்ந்த கயல்விழி மேல். அந்த ஆள் என்றைக்கும் அப்படித்தான்.

புரோகிராமில் ஊரின் ஒவ்வொரு ரோடு சந்திப்புக்கும் மற்ற எல்லாச் சந்திப்புகளோடும் ஒரு கட்டம் போட்டிருந்தார். ரோடு இல்லாத கட்டங்களே மெமரியை அடைத்துக்கொண்டன.

"சார் காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஓடணும். இல்லைன்னா நாளைக்கு வராதே. என் கட்டத்துலயும் கை வைக்காதே!" என்று மேனேஜர் அவளிடம் சீறினார்.

முதலாளியின் காபி பாதியாகிவிட்டது.

"பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிம்மா போறது?" என்றார் முதலாளி.

"இங்கிருந்து உக்கடத்துக்கு நேர் ரோடு இல்லைங்க. சிங்காநல்லூருக்கு இல்லைங்க. பேரூருக்கு இல்லைங்க..."

"பைத்தியமா உனக்கு? இருக்கிற ரோட்டை மட்டும் சொல்லு!" என்று மேனேஜர் கத்தினார்.

"புரோகிராம்கிட்டயும் அப்படியே சொல்லிடட்டுமா சார்?"

முதலாளி சிரித்துவிட்டார். தான் எழுதி, போன வாரம் மேனேஜர் வேண்டாமென்று தள்ளிவிட்ட புரோகிராமைக் கயல்விழி திறந்தாள். அதில் ஒவ்வொரு சந்திப்புக்கும் பக்கத்துச் சந்திப்புகள் மட்டுமே இருந்தன. வழி உடனே வந்தது.

"யார் எழுதினது?"

"நான், எங்க டீம், அப்புறம்..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். "எழுதினவங்க பேரை மட்டும் சொல்லுங்க."