அமைதிக்கு எழுதிய பொருள்

சிரிக்கத்தான் போகிறீர்கள். ஆனால் உடனே இல்லை. முதலில் ஒரு சொல்லை முடித்தாக வேண்டும்.

தென்காசிப் பக்கம் அகராதி எழுதுகிறவர்களின் மடம் ஒன்று. குரு அறம்வளர்த்தாள். அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சீடர் பிச்சாண்டி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான்கு வருடம் காத்திருந்து அவர் கேட்டு வாங்கிய முதல் சொல், ‘அமைதி’. இன்று மாலை அச்சுக்குப் போகிறது. குரு கையெழுத்திடாவிட்டால் சொல் வேறொருவருக்குப் போய்விடும்.

பிச்சாண்டி பொருள் எழுதிய சீட்டை நீட்டினார்.

“பழைய நூல்கள்ல அமைதின்னா பொருந்துதல், அம்மா. ஒண்ணு தன் இடத்துல சரியா உக்காருறது. இப்ப யாரு அப்படிச் சொல்லுதா? அடிச்சிட்டேன். ‘சத்தம் இல்லாமை’ போதும்.”

“அப்படியா சார்? சத்தமில்லாம ஒரு மணி நேரம் உள்ள உக்காந்துட்டு வாங்க. கையெழுத்துப் போடுதேன்.”

பிச்சாண்டி மற்ற சீடர்களையெல்லாம் அருவிக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே, “பழைய பேப்பர், பிளாஸ்டிக், இரும்பேய்!”

“போய்யா!”

“சாள மீனு! சாளேய்!”

“மடத்து வாசல்ல மீனா? போம்மா அங்கிட்டு!”

ஆடு கத்தியது. மேசையைத் தட்டினார். இரண்டு ஆடு கத்தியது.

பிறகு ஒரு கனத்த ஆண்குரல்: “சைலன்ஸ்! மனுசன் அமைதியா இருக்க வேண்டாமா? யாருலே அங்க?”

பிச்சாண்டி எகிறினார். “நீ யாருலே? ஊரைவிட நீதாம்லே பெரிய சத்தம்!”

கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார். தெரு காலி. படியில் குரு மட்டும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு.

“அந்த ஆளு எங்கம்மா?”

“எந்த ஆளு சார்?”

“சைலன்ஸ்னு கத்துனானே, ஒரு...”

பாதியில் நின்றுவிட்டார். முப்பது வருடம் பள்ளிக்கூட வராந்தாவில் முழங்கிய அவருடைய குரலேதான் அது.

“அப்ப ஆடும் நீங்கதானா?”

“ஆடுதான் சார் கஷ்டம். உங்க குரல் சுலபம்.”

பிச்சாண்டிக்கு மூச்சு வாங்கியது. காது இரண்டும் சிவந்திருந்தன. தெருவில் ஓர் இலைகூட அசையவில்லை.

குரு பேனாவைத் திறந்து சீட்டின் மேல் வைத்தார்.

“இப்ப துளி சத்தமில்ல. அமைதியாத்தான இருக்கீங்க? போட்டுரட்டுமா?”

பிச்சாண்டி சிரிப்பை அடக்க முடியாமல், அடித்த பொருளைத் திரும்ப எழுதச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்.