வேப்பமரத்தடி பீரியட்

முப்பிடாதி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஜன்னலோரம்தான் அவள் இடம். முட்டை இன்னும் சூடு ஆறவில்லை. கை இங்கே, கண் மைதானத்தில்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் மகள் அகல்யா மட்டும் வேப்பமரத்தடியில். உட்கார வைத்ததே முப்பிடாதிதான். எங்கோ ஓர் ஊரில் ஓடின பையன் சுருண்டு விழுந்ததைப் போனில் பார்த்ததிலிருந்து அவளுக்குத் தூக்கம் போச்சு. அப்புறம் மகளுக்குப் போகவர ஆட்டோ. வீட்டுக்கு வந்தால் கட்டில், கையில் போன். இப்போது மாடிப்படி ஏறினாலே பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. அதைப் பார்த்து இன்னும் பயம்.

பி.டி. டீச்சர் ரோஸ்மேரி தண்ணீர் குடிக்க வந்தாள்.

"உம் மகாராணி இன்னைக்கும் உக்காந்தாச்சு. நிழல் நகர நகர அவளும் நகர்றா. அம்புட்டுதான் அவளுக்கு எக்சர்சைஸ்."

முப்பிடாதி மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டீச்சர், ஓடும்போது நெஞ்சு நின்னுட்டா?"

"டாக்டர்ட்ட காட்டினியா?"

"காட்டினேன். நெஞ்சு நல்லாருக்கு, புள்ள அசையாமக் கெடக்கு, அதான் மூச்சு வாங்குதுன்னாரு. அவருக்கென்ன, அவரா பெத்தாரு?"

வெளியே ஒரு பெண் கால் தடுக்கிக் குப்புற விழுந்தாள்.

"ஐயோ!" முப்பிடாதியின் கைக்குள் முட்டை நசுங்கிவிட்டது.

விழுந்தவள் எழுந்தாள். பாவாடையைத் தட்டினாள். பக்கத்தில் ஓடினவளை ஒரு வசவு வைதுவிட்டு மறுபடி ஓடினாள்.

டீச்சர் முப்பிடாதியின் விரலில் ஒட்டியிருந்த மஞ்சள்கருவைத் துடைத்தாள். அந்தக் கையை எடுத்து அவள் நெஞ்சிலேயே வைத்தாள்.

"என்ன செய்யுது?"

"திடுதிடுன்னு அடிக்கு, டீச்சர்."

"காலையிலேர்ந்து எங்க ஓடினே?"

"எங்க ஓட? இங்கனதான உக்காந்திருக்கேன்."

"தெனமுமா இப்படி அடிக்கு?"

"இந்த பீரியட் வந்தாலே அடிக்கும். முடிஞ்சாத்தான் நிக்கும்."

டீச்சர் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"உக்காந்த எடத்துலயே இவ்வளவு தூரம் ஓடிட்டியே, முப்பிடாதி. அவ ஓடிட்டு வந்து உக்காரட்டுமே."

விசிலை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

முப்பிடாதி மைதானத்தைப் பார்த்தாள். மரத்தடியில், விழுந்தவளைப் பார்க்க எழுந்திருந்த அகல்யா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அம்மா பார்ப்பது தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

முப்பிடாதி எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். அந்த ஜன்னலைத் தாண்டி அவள் சத்தம் ஒருநாளும் போனதில்லை.

"ஏட்டி அகல்யா! எந்திரி! அவளுக கூடப் போ!"

அகல்யா நம்பாமல் பார்த்தாள்.

"முப்பிடாதி! முட்டை எங்கட்டி?" உள்ளேயிருந்து சமையல்கார அக்கா கூப்பிட்டாள்.

"இந்தா வாரேன்க்கா!" தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டே மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "போ ஏட்டி, மெதுவா ஓடு, அம்மா இங்கனயேதான் நின்னு பாத்துக்கிட்டிருப்பேன்!"