பத்துக் கிலோ கூடுதலும் சனியின் வளையமும்

இந்தக் கதையைக் கேட்பவர்கள் எடைகளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கடைசியில் வரும்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம் சேசுராஜுக்குச் சொந்த ஊர். துபாயில் கண்ணாடி அறுக்கும் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை. அங்கே இரண்டு வருடம், தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் செலவிட்டு, தடித்த வட்டக் கண்ணாடி ஒன்றைக் கையாலேயே குழியாகத் தேய்த்தெடுத்தார். அதற்குப் பூச்சும் ஏற்றித் தொலைநோக்கி ஆடியாக்கினார். தான் படித்த பள்ளிக்குக் கொடுப்பதற்காகச் செய்தது அது. சனிக்கோளின் வளையத்தை அதில் பார்க்க வேண்டும், அதுவும் ஊரில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று ஆசையை அடக்கி வைத்திருந்தார்.

மலிவு விமானத்தில் டிக்கெட் எடுத்தார். அந்த விலை இருக்கைக்கு மட்டும்தான். கையில் ஏழு கிலோ கொண்டுபோகலாம், பெட்டி போட்டால் தனிக்கட்டணம். இருபது கிலோவுக்கு முன்பே கட்டியிருந்தார். விமான நிலையத்தில் எடை போட்டால் முப்பது காட்டியது.

“பத்துக் கிலோ கூடுதல் சார். பணம் கட்டுங்க, இல்லேன்னா எதையாவது எடுத்துடுங்க” என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

அவள் சொன்ன தொகை டிக்கெட் விலையைவிட அதிகம். சேசுராஜிடம் அவ்வளவு இல்லை. எடுத்து வைக்கவும் வழியில்லை. பெட்டியிலும் கைப்பையிலும் இருந்தது முழுக்கத் தொலைநோக்கியின் குழாய்களும் இரும்புத் தாங்கிகளும்தான். தனக்கென்று உடுத்தியிருந்த துணி தவிர வேறெதுவும் அவர் கொண்டுவரவில்லை. மரப்பெட்டிக்குள் இருந்த ஆடி ஆறரைக் கிலோ, மரப்பெட்டி மூன்றரை. மற்றதெல்லாம் ஒன்றோடொன்று முடுக்கிக் கட்டியிருந்தன, இவை மட்டுமே தனியாக எடுக்க வந்தன. இரண்டையும் வெளியே எடுத்துத் தரையில் வைத்து, விட்டுவிட்டுப் போவதென்று முடிவு செய்தார். கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று துணியை விலக்கினார்.

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கூடத்தின் கூரை விளக்குகளின் பிம்பங்கள் தலைகீழாகக் கண்ணாடிக்கு மேலே காற்றில் மிதந்தன. ஒருவர் பிடித்துப் பார்க்கக் கையை நீட்டினார், விரல்களுக்கு எதுவும் அகப்படவில்லை.

“இது என்ன தம்பி?” என்று பின்னால் நின்ற கமருன்னிசா கேட்டார். ஆறு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்புகிறவர்.

சேசுராஜ் சொன்னார். பள்ளிக்காகச் செய்ததையும், விட்டுவிட்டுப் போவதையும்.

கமருன்னிசா தன் பெட்டியைத் திறந்தார். மகளுக்கு வாங்கிய கம்பளி, பேரீச்சம்பழம், பால்மாவு டப்பாக்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, அங்கே தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கொடுத்தார். பத்துக் கிலோ காலியானது. “இதுல வைங்க” என்றார். சேசுராஜ் சொன்னார்: “அக்கா, இதுல வானத்தை முதல்ல பார்க்கப் போறது நீங்கதான்.”

“கண்ணாடி உடைஞ்சா நாங்க பொறுப்பில்ல, கையெழுத்துப் போடுங்க” என்றாள் கவுண்டர் பெண்.

சேசுராஜ் பேனாவைப் பிடித்தபடி தயங்கினார். கமருன்னிசா செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்த வேல்மயில் என்ற, கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் தொழிலாளி முன்னால் வந்தான். “பெட்டியெல்லாம் தூக்கித்தான் எறிவாங்க அண்ணே. ஆடி என் மடியில வரட்டும்.” தன் கைப்பையைக் கவிழ்த்து அதில் ஆடியை வைத்தான். அவனுடைய துணிமணி ஆறரைக் கிலோ. அதுவும் மூன்றரைக் கிலோ மரப்பெட்டியும் சேர்ந்து கமருன்னிசாவின் பெட்டிக்குள் போயின.

மதுரை வரை நான்கு மணி நேரம் வேல்மயில் எழுந்திருக்கவில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் பை அவன் பாதங்களுக்கு நடுவில், மற்ற நேரமெல்லாம் மடியில். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, சிந்திவிடுமாம். மதுரையில் கமருன்னிசாவின் பெட்டி வந்தது. திறந்தால் மரப்பெட்டி இரண்டாகப் பிளந்து கிடந்தது. சேசுராஜ் வேல்மயிலைக் கட்டிக்கொண்டு, “முதல்ல நீதான் பார்க்கணும்டா” என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், பக்கத்தில் கமருன்னிசா நிற்பது கண்ணில் பட்டது.

பத்து நாள் கழித்துப் பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி நின்றது. பகலில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக் குவியத்தைச் சரிசெய்திருந்தார் சேசுராஜ். வானத்தை இன்னும் யாரும் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்ததும், பக்கவாட்டில் பொருத்திய சிறு குழாயால் குறிவைத்துச் சனியை நோக்கித் திருப்பினார். சொல்லி அனுப்பியபடி இருவரும் வந்திருந்தார்கள்.

கமருன்னிசா, “எனக்குத்தான் தம்பி முதல்ல வாக்குக் குடுத்தாரு” என்றார்.

வேல்மயில், “நான் தூக்கலேன்னா இன்னைக்கு இது கண்ணாடித் தூளு” என்றான்.

இரண்டு வருடம் தேய்த்த சேசுராஜின் கை தொலைநோக்கியிலிருந்து விலக மறுத்தது.

ஒருவர் இடம் கொடுத்தார், ஒருவன் காத்துக்கொடுத்தான், ஒருவர் உருவாக்கினார். முதலாவது பார்வை ஒன்றுதான் உண்டு. இந்த மூவரில் சனியை முதலில் பார்க்க வேண்டியவர் யார்?

விடை: கமருன்னிசா. வேல்மயில் ஆடியைக் காத்தது உண்மை. ஆனால் அவன் பை காலியாக இடம் தந்தது அவருடைய பெட்டி. அவன் துணிமணி முழுசாக ஊர் வந்து சேர்ந்தது, அவருடைய பொருள்கள் வரவில்லை. மேலும், ஒருவருக்குக் கொடுத்துவிட்ட முதல் பார்வையை மறுபடி கொடுக்கச் சேசுராஜின் கையில் இல்லை. இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தவர் தன் முறையைத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டாவது வேல்மயில், கடைசியில் சேசுராஜ். அன்று நடந்ததும் அதுவே. கமருன்னிசா கண்ணை வைத்தார். வெகுநேரம் அசையவில்லை. பிறகு தலையை எடுத்து, வெறுங்கண்ணால் அந்தச் சிறு புள்ளியை நிமிர்ந்து பார்த்தார், மறுபடி குனிந்தார். “யா அல்லாஹ், சுத்தி வளையம் நிக்குது தம்பி” என்றார். “ஒண்ணையும் தொடாம, சும்மா நிக்குது.”