பெயர் கேட்கவில்லை

வெறும் பித்தளை அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவன் செய்தி வாசிக்கிற சத்தம். ஆவுடையப்பன் அதைக் கேட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தம்பி வள்ளிநாயகம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு, அப்படித்தான் தன் குரலைப் பழக்கினான்.

ஒரு கல்யாண வீட்டில் அவன் மணமக்களை வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தான். அண்ணன் எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினார்.

"இந்தத் தகரக் குரலுக்கு மைக் வேறயா?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. அந்த வாரமே தம்பி ஊரை விட்டுப் போனான்.

கிழக்கே, இரண்டாயிரம் கிலோமீட்டர் கடலுக்கு அப்பால், ஒரு தீவில் சின்ன வானொலி நிலையம். தினமும் அரைமணி நேரம் தமிழ். அங்கே அறிவிப்பாளன் ஆனான். அண்ணன் எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. போனில் அண்ணன் என்று தெரிந்தால் வைத்துவிடுவான்.

ஆவுடையப்பன் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றார். ஒரு மார்ச் மாதம், தீவுக்குப் போய் வந்த உறவுக்காரர் ஒருவர் சொன்னார்: தமிழ் ஒலிபரப்பை இந்த மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்கள். வள்ளிக்கும் வேலை முடிகிறது. பாக்கி நேயர் கடிதங்களுக்குப் பதில் போட்டுவிட்டு எங்கோ போகப் போகிறான். எங்கே என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை.

தபால்காரர்தான் வழி சொன்னார். "நேயர் கடிதமா எழுதுங்க சார். அதைப் பிரிச்சுத்தான் ஆகணும், அது அவர் வேலை. நம்ம மிக்ஸிக்காரம்மாவைப் போய்ப் பாருங்க. அவங்க கடுதாசி போடாத நாடு கிடையாது."

சவேரியம்மாள் கடற்கரைச் சாலையில் மிக்ஸி பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தாள். ஆவுடையப்பனைவிட இருபது வயது இளையவள். கடைச் சுவர் முழுக்க, தூரத்து வானொலிகள் அனுப்பிய அட்டைகள். நீங்கள் கேட்டது எங்கள் நிலையம்தான் என்று ஒவ்வொன்றும் ஒரு மொழியில் சொன்னது.

"வாங்க அண்ணாச்சி. என்ன, ஜார் ஒழுகுதா?"

ஆவுடையப்பன் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கேட்டேன்னு ஒரு கடுதாசி எழுதிட்டாப் போதாதாம்மா? என்ன நிகழ்ச்சின்னு எங்கயாவது விசாரிச்சுக்கிடலாம்லா?"

அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"தாராளமா எழுதுங்க. முதல் வரியிலயே தூக்கிப் போட்டுருவார். முப்பது வருஷமா இந்தக் கடுதாசியத்தான படிக்கார்? அம்புட்டுத் தூரம் வந்த சத்தம் என்ன கதியில வந்து சேரும்னு அவருக்குத் தெரியாதா?"

"அப்ப நான் என்ன செய்ய?"

"கேளுங்க. கேட்டுட்டு எழுதுங்க."

"எத்தனை நாள்ல கேக்கும்?"

"மூடுறதுக்கு எத்தனை நாள் இருக்கு?"

"பத்தொம்பது."

"அப்ப பத்தொம்பது நாள்ல."

மறுநாள் பொழுது சாய, புது ரேடியோவோடு கடற்கரைக்கு வந்தார். தோளில் பை, கையில் குறிப்பேடு, மடக்கு நாற்காலி. அவள் மணலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் உள்ளங்கையளவு ரேடியோ. அதன் பின்மூடியை ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருந்தது.

"சட்டைப்பையில என்ன?"

"செல்போன்."

"கார்ல போட்டுட்டு வாங்க. அது பக்கத்துல இருந்தா இது உளறும்."

போட்டுவிட்டு வந்தார். "ஏம்மா, இந்த நேரத்துல மட்டும் ஏன்?"

"வெயில் இருக்கப்ப தூரத்துச் சத்தம் மேல போய் அழிஞ்சு போயிரும். இருட்டினா வானம் அதைக் கீழ திருப்பி விடும். அங்க இருட்டியாச்சு. இங்க இப்பத்தான் இருட்டுது."

ஆவுடையப்பன் அண்ணாந்து பார்த்தார். எழுபது வருஷம் அதன் கீழேயே நடமாடியிருக்கிறார். அது குரல்களைத் திருப்பித் தருகிற இடம் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

தீவு ஒலிக்கும் அதே அலைவரிசை எண்ணில் பக்கத்து ஊர் நிலையம் ஒன்றும் ஒலித்தது. வடக்கே அதன் கோபுரத்துச் சிவப்பு விளக்கு தெரிந்தது. சினிமாப் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், மறுபடி பாட்டு. அவர் ரேடியோவின் முகத்தைத் தினமும் கிழக்கே காட்டினார். ஆண்டெனாவை நீட்டினார், மடக்கினார். தன் ரேடியோவின் விலையையும் சிறப்பையும் அவளுக்கு விளக்கினார். பதினாறு நாள் போயிற்று.

பதினேழாம் நாள் வெடித்துவிட்டார். "கிழக்கே பாத்துத்தானே பிடிக்கேன்! இந்தப் பாட்டுக்காரன் காதைக் கிழிக்கான்!"

சவேரியம்மாள் அவர் கையிலிருந்து ரேடியோவை வாங்கினாள். கிழக்கை அவள் பார்க்கவேயில்லை. ரேடியோவின் ஒடுங்கிய நுனியைச் சிவப்பு விளக்குக்கு நேராகக் காட்டினாள். மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம். பாட்டு மெலிந்தது. இன்னும் மெலிந்தது. பிறகு இல்லை.

"தீவை யாரும் போய்ப் பிடிக்க முடியாது அண்ணாச்சி. கிட்ட நின்னு கத்துறவன் எங்க இருக்கான்னு பாருங்க. அவனுக்கு நேரா நுனியைக் காட்டுங்க. அவன் அடங்கட்டும்."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேனே. நீங்க அப்ப உங்க ரேடியோ விலையைச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

அன்றும் மறுநாளும் இரைச்சல் மட்டும் வந்தது.  மறுநாள் அவர் நாற்காலியைக் கொண்டுவரவில்லை.

கடைசி நாள். சூரியன் பனங்காட்டுக்குப் பின்னால் இறங்கியது. ஆவுடையப்பன் மணலில் முழங்கால் ஊன்றி, மூச்சைப் பிடித்து, நுனியை விளக்குக்கு நேராக நிறுத்தினார். பாட்டுக்காரன் அடங்கினான். முதலில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாதது மெல்ல அகன்று, வானத்தளவு ஆயிற்று. அதன் மறுகோடியில் யாரோ ஒரு தாளைத் திருப்பினார்கள்.

பிறகு ஒரு ஆண் குரல். அலைக்குள் தோணி தெரிவதும் மறைவதுமாக வருமே, அப்படி வந்தது. சொற்கள் பிடிபடவில்லை. ஏற்ற இறக்கம் மட்டும் பிடிபட்டது. சட்டென்று அது காதருகே வந்து, "விடைபெறுவது" என்றது.

அவ்வளவுதான். அலை மூடிக்கொண்டது. மொத்தம் எட்டு மூச்சு நேரம் இருக்கலாம். அவர் எழப் பார்த்ததில் ரேடியோ அசைந்து ஜவுளிக்கடை விளம்பரம் வந்துவிட்டது. நிறுத்த அவருக்குத் தோன்றவில்லை. அவள்தான் நிறுத்தினாள்.

"கேட்டீங்களா?"

அவர் கடலைக் காட்டினார். 

"இப்பவே எழுதுங்க. வீட்டுக்குப் போனா மனசு கதை கட்டும்."

டார்ச் வெளிச்சத்தில் குறிப்பேட்டில் நாலு பக்கம் எழுதினார். அவள் வாங்கிப் படித்தாள். பென்சிலை எடுத்தாள்.

"'குரல் கணீரென்று கேட்டது.' கேட்டுச்சா?"

"இல்ல."

அடித்தாள்.

"'அன்று நான் பேசியதை மறந்துவிடு.' இது ரேடியோவுல வந்துச்சா?"

"அது நான் அவனுக்குச் சொல்றது!"

"இது கேட்டவன் எழுதுற கடுதாசி அண்ணாச்சி." அடித்தாள்.

ஒரு பக்கம் போயிற்று. அடுத்த பக்கமும் போயிற்று. நாலாம் பக்கத்தில் பென்சில் நின்றது.

"'விடைபெறுவது வள்ளிநாயகம்.' பேர் கேட்டுச்சா?"

"ஏய், என் தம்பி பேர் எனக்குத் தெரியாதா?"

"தெரியும். கேட்டுச்சா?"

  கடைசிப் படகுகளைக் கரையேற்றிக்கொண்டிருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

பிறகு ஆவுடையப்பன் புதுத் தாளில் எழுதினார். தேதி. நேரம். அலைவரிசை எண். ஒலி மிகவும் மெலிவு. ஒரு தாள் திருப்பும் சத்தம். ஒரு ஆண் குரல், சொற்கள் விளங்கவில்லை. 'விடைபெறுவது' என்ற ஒரு சொல் தெளிவு. பெயர் கேட்கவில்லை. கீழே தன் பெயரையும் விலாசத்தையும் போட்டார்.

தாளை மடித்தார்.

"முப்பது வருஷத்துக்கு இதுதானா எழுதுறது? அவன் பேரைக்கூட எழுத விட மாட்டேங்கியே தாயி."

சவேரியம்மாள் ரப்பர் பேண்டைச் சரிசெய்து ரேடியோவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அதை அவர்ல்லா சொல்லணும்" என்றாள்.

கடிதம் மறுநாளே தபாலில் போயிற்று. வள்ளிநாயகம் அந்த ஆடியில் ஊருக்கு வந்தான். அண்ணன் வீட்டு மாடியறையில் ஆறு வருஷம் இருந்தான். அங்கேயே இறந்தான்.